துத்தம் போடாத பசை

வைப்பாறு சாத்தூரைத் தாண்டி எங்கே போகிறது என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. போனால்தானே கேட்பதற்கு? எனக்கு விவரம் தெரிந்து ஆற்றில் மணல் இருந்தது. அப்புறம் அதுவும் லாரி ஏறிப் போய்விட்டது. ஒரு வருசம் திடீரென்று தண்ணீர் வந்தபோது பாலத்தடியில் படுத்திருந்த மாடுகள் எழுந்து நின்று, யார் வீட்டுக்கு வந்த விருந்தாளி என்பதுபோல் பார்த்தன. ஒரு கிழட்டுக் காளை மட்டும் தண்ணீரை முகர்ந்துவிட்டு, இது நம்ம ஊர்ச் சரக்கு இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு கரையேறியது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஆறு கடலுக்குத்தான் போகிறது என்று எங்களுக்குச் சொன்னவள் முஹ்சினா. காயிதக் கடை செய்யது அபுதாஹிரின் தங்கை மகள். தூத்துக்குடியில் கடலைப் பற்றிப் படித்து, அதிலேயே வேலைக்கும் சேர்ந்திருந்தாள். ஆழிப்பேரலை வந்துபோனதற்கு அடுத்த வருசம், தீபாவளி கழிந்து, மாமாவின் கிட்டங்கியில் வந்து உட்கார்ந்தாள். பட்டாசுக் குழாய் உருட்டுகிற காயிதம் வாங்க வந்த என் எதிர்வீட்டு அய்யம்மாளும், சும்மா வந்த நானும் அங்கே இருந்தோம்.

"மாமா, வைப்பாத்து முகத்துல ஒரு காலத்துல அலையாத்திக் காடு இருந்துச்சு. வெறகுக்கு வெட்டுனாங்க, உப்பளத்துக்கு வெட்டுனாங்க. அதைத் திருப்பி வளக்குறோம்."

"அதுக்கு நான் என்னம்மா செய்ய? என்கிட்ட காயிதந்தான் இருக்கு."

"காயிதந்தான் மாமா வேணும்."

நாற்றைப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் வளர்த்தால், நடும்போது பாக்கெட்டைக் கிழிக்க வேண்டும். கிழிக்கும்போது நூல் மாதிரி இருக்கிற வேர் அறுந்துபோகும். உப்புச் சேற்றில் வேர் அறுந்த நாற்று பிழைக்காது. கிழித்த பாக்கெட் கடலுக்குப் போகும், ஆமை அதைக் கண்ணாடிபோல் மிதக்கிற சொறி மீன் என்று நினைத்து விழுங்கும். காகிதக் குழாயென்றால் அப்படியே நட்டுவிடலாம். குழாய் சேற்றில் மக்கும், வேர் வெளியே வரும். செய்தித்தாளில் செய்து பார்த்தார்களாம், கடல் ஒரு தடவை ஏறி இறங்கியதற்கே கரைந்துவிட்டது. அந்தத் தீபாவளிக்கு மாமா வீட்டு மாடியில் வெடித்துக் கிடந்த பேன்சி வெடிக் குழாய் ஒன்று, அடைமழை முழுக்க நனைந்தும் கம்பீரமாக நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். வானத்தில் போய் வெடிப்பதற்கு உருட்டுகிற தடித்த குழாய் அது.

"ஒரே ஒரு விசயம். பசையில துத்தம் போடக் கூடாது."

அபுதாஹிர் பாய்க்கு முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கத்தில் மைதாவைக் காய்ச்சிப் பசை எடுத்தால், மயில்துத்தத்தைப் பொடித்து ஒரு கரண்டி போடாமல் அடுப்பிலிருந்து இறக்க மாட்டார்கள். போட்டால் பசை லேசாக நீலம் பாரிக்கும். பூஞ்சை பிடிக்காது, எலி தொடாது.

"போடலைன்னா கரப்பான் தின்னுரும்மா."

"தின்னட்டும் மாமா. நண்டும் புழுவும் தின்னு கொளாய் மக்குனாத்தான் வேரு வெளிய வரும். துத்தம் இருந்தா எதுவும் கிட்ட வராது. வேரும் சேந்து செத்துப்போகும்."

அய்யம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இம்புட்டு நாளும் எரியுறதுக்கு உருட்டுனேன். இப்ப தின்னுறதுக்கு உருட்டணுமாக்கும். இது தேவலையே பாய்."

அப்படித்தான் ஆர்டர் அவள் கைக்குப் போனது. தெருவில் வேறு பெண்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். அன்றிலிருந்து அவளோடு சரியாகப் பேசாமலும் இருந்தார்கள். ஆனால் உருட்டுவதில் அய்யம்மாள்தான். இரும்புத் தடியில் காகிதத்தைச் சுற்றிப் பலகையை வைத்து ஒரு தேய் தேய்த்தாளானால், கண்ணுக்குத் தெரிவது குழாய் மட்டும்தான், கை தெரியாது. ஒரு தடவை அந்த வேகத்தில் சுவர்ப்பல்லி ஒன்று உள்ளே சிக்கி டெல்லி லோடில் போய்விட்டது. சரக்குத் திரும்பி வந்தபோது பல்லியும் வந்தது. இந்தியில் கத்தியது என்று பாய் சொன்னார். எனக்கு இந்தி தெரியாது, அதனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அவள் புருசன் சீனிச்சாமி பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிறவன். வெயிலில் நின்றால் அலுமினியப் பொடி மினுங்கும் உடம்பு. நல்லவன். பெண்டாட்டி இருக்கன்குடிக்குப் போனால்கூட மாரியம்மன் அவளை ஏன் இவ்வளவு நேரம் நிறுத்திவைத்தாள் என்று கேட்கிறவன். அவ்வளவுதான் அவனிடம் குறை.

முதல் லோடோடு அய்யம்மாளும் போனாள். நாற்றங்காலில் வேலை செய்கிற பெண்களுக்குக் குழாயை நசுங்காமல் பிடிக்க, சேறு நிரப்பிக் குத்தி நிறுத்தக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று முஹ்சினா கேட்டிருந்தாள். சாயங்காலம் திரும்பியவள் கணுக்காலில் காய்ந்த சேற்றோடு, கையில் ஒரு தூக்குவாளியில் நண்டுக் குழம்போடு இறங்கினாள். எங்கள் தெருவுக்கே அன்று கடல் வாசம். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. நான் எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டே உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்டேன். கேட்கக் கூடாது என்று யாரும் கதவைச் சாத்தவில்லை.

"கொளம்பு யாரு வச்சது?"

"பலவேசம் வீட்டுக் கொளம்புங்க. சாப்புடுங்க, ஆறிப் போகும்."

"யாரு பலவேசம்?"

"படகுக்காரரு. தண்ணி ஏறுனப்ப எங்களைக் கூட்டிட்டுப் போனாரு. அந்தச் சேறு இருக்கே, காலை வச்சா விடமாட்டேங்குது. பலவேசந்தான் பலகை போட்டு நடக்கச் சொல்லிக் குடுத்தாரு. நண்டுப் பொந்து எது, பாம்புப் பொந்து எதுன்னு பலவேசத்துக்குத்தான் தெரியுது. நாத்து நடுற எடத்தையும் பலவேசந்தான்…"

"ஏ புள்ள, கடலைப் பாத்தியா இல்லையா நீயி?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"பெருசா இருந்துச்சு. பலவேசம் சொன்னாரு…"

தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. குழம்பு எனக்கு இன்னொரு கிண்ணம் வந்தது.

அதற்கப்புறம் அவள் போகிற ஒவ்வொரு தடவையும் சீனிச்சாமி ஒரு சுற்று மெலிந்தான். மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டான். ஒருநாள் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பெரியப்பா, கடக்கரை ஆளுக எல்லாம் ஒசரமா இருப்பாகளோ?"

"சேத்துல நிக்கிறவங்கதானலே. பாதி உள்ள போயிருக்கும்."

"அப்ப வெளிய எடுத்தா இன்னும் ஒசரமா இருப்பான்." டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தச் செடி வளந்தாத்தான பெரியப்பா அவ போவா? வளராமப் போச்சுன்னா?"

"அவ ஆசையா செய்றாடா."

"அதத்தான சொல்றேன். நான் கம்பெனிக்குப் போயிட்டு உசுரோட திரும்பி வாறேன், ஒரு நாளாவது ஆசையா பாத்திருக்காளா? ஒரு செடி ரெண்டு எலை விட்டுச்சுன்னா தெருவுக்கே சொல்றா."

தை மாசக் கடைசி வெள்ளிக்கு அய்யம்மாள் இருக்கன்குடி போனாள். மறுநாள் லோடு. அன்றைக்கு உருட்ட வேண்டிய காயிதம் அடுக்கி இருந்தது. மத்தியானம் அவள் திரும்பி வந்து பார்த்தால் அடுப்பில் பசை தயாராக இருந்தது. சீனிச்சாமி வேர்வை வழிய, கரண்டியோடு நின்றான். பந்தல்கால் நட்ட நாளிலிருந்து அவன் பசை காய்ச்சியதில்லை. அவள் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பெரியப்பா, இங்கன வந்து பாருங்க. எங்க வீட்டுல மள பெய்யப் போகுது."

அவள் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். சீனி கூடவே போட்டாள். அவன் அதை விளக்கெண்ணெய் குடிப்பதுபோல் குடித்தான். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. சட்டியில் பசை என்ன நிறம் என்று நானும் பார்க்கவில்லை, சந்தோசத்தில் அவளும் பார்க்கவில்லை.

வெயில் வந்தது. அந்த வருச வெயிலில் எங்கள் ஊர்த் தீக்குச்சிகள் பெட்டியில் உரசாமலே, சலிப்பில், தாமாகப் பற்றிக்கொண்டன. வைகாசி வாக்கில் பாய் கடைக்கு முஹ்சினாவின் போன் வந்தது. ஒரு லோடு நாற்று முழுக்கக் கருகுகிறது, அக்கா நேரில் வர வேண்டும். அய்யம்மாள் கிளம்பினாள். "நானும் வாறேன்" என்று சீனிச்சாமி வேனில் ஏறினான். இடம் இருந்தது, நானும் ஏறினேன்.

விளாத்திகுளம் தாண்டி, உடைமரங்கள் தாண்டி, உப்பளம் தாண்டி வண்டி நின்றது. சீனிச்சாமி அன்றுதான் கடலைப் பார்த்தான். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவன் மாதிரி ஓரமாக நின்றான்.

பலவேசம் கிழவனாக, பல்லில்லாதவனாக இருந்துவிடக் கூடாதா என்று அவனுக்காக நானே வழியில் மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. படகிலிருந்து இறங்கியவன் தேக்குத் தூண் மாதிரி இருந்தான். பல்லெல்லாம் இருந்தது. தேவைக்கு மேலேயே இருந்தது என்று சீனிச்சாமி பின்னால் சொன்னான். "வாங்கண்ணே, வாங்க" என்று அவன் சீனிச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டதுதான் கொடுமை. நல்லவன் வேறு.

பெண்கள் எல்லோரும் முஹ்சினாவோடு சேற்றில் இறங்கிவிட, கரையில் எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள் பலவேசத்தின் பெண்டாட்டி பொன்னுத்தங்கம். சீனிச்சாமியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் அந்தக் கொளாய்க்காரி வீட்டுக்காரவுகளா?"

"ஆமா."

"அவளை உங்க ஊருலயே வச்சிருக்கப்படாதா?"

சீனிச்சாமி கஞ்சியைக் கீழே வைத்தான்.

"எங்க வீட்டுல சோறு பொங்குறது நான். பேச்சு மட்டும் உங்க வீட்டம்மா பேச்சு. அய்யம்மா அக்கா கை என்ன சுறுசுறுப்பு, அய்யம்மா அக்கா என்னமா சிரிக்காவ… கேட்டுக் கேட்டு என் காது செத்துப்போச்சு. வலையை எடுத்து உதறுனாக்கூட அதுல அவ பேருதான் விழுது."

"உங்க நண்டுக் கொளம்புதான் எங்க வீட்டுல பேச்சு."

"என்ன சொல்லுவா?"

"பலவேசம் வீட்டுக் கொளம்புன்னு."

"அரைச்சது நானு, உடைச்சது நானு, பேரு அவுகளுக்கா?" பொன்னுத்தங்கம் அகப்பையைத் தட்டினாள். "இந்தச் செடி மொத்தமும் ஒரு நாளு கருகிப் போவாதான்னு இருக்கு எனக்கு."

சீனிச்சாமி அவளையே பார்த்தான். அவன் வாய் எதையோ சொல்லத் திறந்தது. அதற்குள் சேற்றுக்குள்ளிருந்து முஹ்சினா கூப்பிட்டாள்.

வரிசை வரிசையாக நாற்று நின்றது. கெட்டிப் பச்சை இலை, அடியில் சாம்பல் நிறம், இலைமேல் உப்புப் படிந்து வெயிலில் மினுங்கியது. நடுவில் ஒரு வரிசை மட்டும் மஞ்சளாகி, நுனி கருகி, குச்சியாக நின்றது. முஹ்சினா பச்சை வரிசையில் ஒன்றின் அடியைக் கையால் துழாவிக் காட்டினாள். குழாய் இருந்த இடமே இல்லை. சேறும் வேரும் ஒன்றாக இருந்தன. பிறகு கருகிய ஒன்றைப் பிடுங்கினாள். குழாய் நேற்று உருட்டியதுபோல் வந்தது. கத்தியால் நெடுகக் கீறித் திறந்தாள். வேர் வெளியே போக வழி தேடிச் சுருண்டு சுருண்டு, நுனி கருத்துக் கிடந்தது. ஒரு நத்தை கடித்த தடம் கூட இல்லை. காகித மடிப்பின் உள்ளே லேசான நீலம்.

"அக்கா, இது துத்தம்."

அந்த நாற்றங்கால் பெண்கள் விதை ஊன்றி, தண்ணீர் சுமந்து வளர்த்தவை அவை. முஹ்சினா மெதுவாகத்தான் சொன்னாள். "மேல இருந்து பாக்க வாராங்கக்கா. இதப் பாத்தா சாத்தூர்க் கொளாயே வேண்டாம், பழையபடி பாக்கெட்டே போடுன்னுருவாங்க. நீங்களும் வர வேண்டியிருக்காது."

அய்யம்மாள் குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உருட்டு அவளுடையது, அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. விரலால் பசையைச் சுரண்டி வெயிலில் பிடித்தாள். பிறகு நிமிர்ந்து, கரையில் நின்ற சீனிச்சாமியைப் பார்த்தாள். திரி பற்றிய பிறகு எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நிற்கிறவன் மாதிரி அவன் நின்றான்.

"நான்தான் பாப்பா" என்றாள். "லோடு அவசரத்துல கைப்பளக்கமாப் போட்டுட்டேன். மத்த லோடுல ஒண்ணுலயும் கெடையாது, நீயே பாத்துக்க."

"எப்படிக்கா நீங்க போயி…"

"போட்டுட்டேன். இந்த வரிசைய நான் திருப்பித் தாறேன். பாக்க வாறவங்ககிட்ட பச்சையா நிக்கிறதயும் காட்டு. அங்கிட்டு வாய்க்கா வெட்ட ஆளு பத்தலன்னியே, எங்க வீட்டுக்காரரு வெட்டுவாக. சீசன் வரைக்கும் கம்பெனியில பெருசா வேலை இல்ல."

திரும்பி வரும்போது கரைமேட்டில் அவன் அவள் பக்கத்தில் போனான். நான் அவர்களுக்குப் பின்னால், கிளிஞ்சல் பொறுக்குகிற பாவனையில் நடந்தேன்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்ல? என் புருசன் பொறாமையில வெசம் வச்சுட்டாருன்னு ஊருக்குச் சொல்லவா?"

"அய்யம்மா…"

"என்னைய ஒருத்தன் தூக்கிட்டுப் போயிருவான்னு நீங்க பயந்தது, கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு. எனக்கும் இந்த வயசுல யாரு இருக்கா பயப்பட. அதை வாயத் தொறந்து சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். அதுக்கு இந்தச் செடி என்னங்க செஞ்சது?" முந்தானையால் கைச் சேற்றைத் துடைத்தாள். "அந்தக் காப்பிக்கு சீனி கூடப் போட்டேன் உங்களுக்கு."

அவன் அழுதான் என்று சொல்ல மாட்டேன். கடல் காற்றுக்குக் கண் அப்படித்தான் ஆகும்.

அந்தக் கோடை முழுக்க சீனிச்சாமி அங்கேயே தங்கி வாய்க்கால் வெட்டினான். வெட்டுவதற்குக் காரணம் இருந்தது. காட்டை வெட்டிய இடம் பள்ளமாகிவிட்டது; கடல் ஏறும்போது உள்ளே வந்த தண்ணீர் இறங்க வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பை விட்டுவிட்டுப் போனது. அதனால் அந்தச் சேறு கடலைவிட உப்பு. செடியை மட்டும் நட்டால் போதாது, தண்ணீர் வரவும் வேண்டும், போகவும் வேண்டும் என்றாள் முஹ்சினா. ஆற்று முகத்திலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து மீன்முள் மாதிரி இரண்டு பக்கமும் சின்ன வாய்க்கால்கள். சரிவில் நாற்று.

ஒரு பக்கம் பலவேசம் வெட்டினான், மறுபக்கம் சீனிச்சாமி. பலவேசம் ஒரு முழம் வெட்டினால் இவன் ஒன்றரை முழம் வெட்டினான். இவன் தண்ணீர் குடிக்காமல் வெட்டினால் அவன் வெற்றிலை போடாமல் வெட்டினான். இப்படியே விட்டால் இரண்டு பேரும் இலங்கைக்குப் போய்விடுவார்கள் என்று பயந்து முஹ்சினா குறுக்கே கயிறு கட்டினாள். கயிற்றில் முட்டித்தான் நின்றார்கள். வாய்க்காலின் வாயைத் திறந்துவிட்ட அன்று நானும் போயிருந்தேன். கடல் ஏறும் நேரம். முதலில் நுரை வந்தது, பிறகு பழுப்பாக ஒரு நாக்கு மாதிரி தண்ணீர், அதன் பின்னாலேயே விரல் நீளத்துக்கு மீன்குஞ்சுகள். சீனிச்சாமி வெட்டிய கிளைக்குள் அவை திரும்பியதும் அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மூச்சு விடாமல் குந்தினான்.

"அண்ணே, உங்க பக்கந்தான் மொதல்ல போவுது" என்றான் பலவேசம். அந்தக் குரலிலும் ஒரு எரிச்சல் இருந்தது. சீனிச்சாமிக்கு அன்றைக்குத்தான் சாப்பாடு இறங்கியது.

ஊருக்குத் திரும்பினான். பசையை மறுபடி அய்யம்மாளே காய்ச்சினாள், வெள்ளை வெளேரென்று. ஆனால் இப்போது எதிர்வீட்டிலிருந்து வேறு பேச்சு கேட்டது.

"என்ன கொளம்பு இது?"

"ஏன், நல்லாத்தான இருக்கு."

"இல்ல, பொன்னுத்தங்கம் வச்சா ஒரு காரம் ஏறும். பொன்னுத்தங்கம் என்ன செய்யும்னா, மொளகை…"

தட்டை நகர்த்தும் சத்தம். இந்த முறை நகர்த்தியது அவள். மறுநாள் காலண்டர் ஒட்டக் கொஞ்சம் பசை கேட்டுப் போனேன். அடுப்பங்கரை மாடத்தில் எப்போதும் இருக்கும் துத்த டப்பாவைக் காணோம்.

"டப்பா எங்கத்தா?"

"பத்திரமா இருக்கு பெரியப்பா" என்றாள் கிண்டிக்கொண்டே. "நண்டுக் கொளம்பு வாசம் இன்னொரு தடவ இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா, தேவைப்படும்."

ஐப்பசியில் மழை பிடித்தது. மேற்கே மலையில் கொட்டி, ஆறு நிஜமாகவே வந்தது. இருக்கன்குடி அணை நிறைந்து வழிகிறது என்று ஊரே பார்க்கப் போனது. நாங்களும் போனோம். செம்மண் தண்ணீர் மதகைத் தாண்டி உருண்டு கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சீனிச்சாமி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னலே, தண்ணியப் பாத்து யாரும் மூஞ்சிய இப்படி வைப்பாங்களா?"

"இல்ல பெரியப்பா. இது நேத்து நம்ம ஊருப் பாலத்தைத் தாண்டி வந்த தண்ணி. நாளைக்கு அங்க போய் நிக்கும். எங்களுக்கு லோடு சேந்துதான் போக முடியும். புது வரிசை எலை விட்டுருச்சாம், முஹ்சினா சொல்லுச்சு."

"சரி, அதுக்கு?"

"எனக்கு முன்னால இது பாத்துருமே."

அய்யம்மாள் நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். "பாக்கட்டுங்க. என்ன இருந்தாலும் நீங்க வெட்டுன வாய்க்காலுக்குள்ளதான நொழையணும்."

அவனுக்கு அது பாதிதான் ஆறுதல். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குனிந்து, கைக்கு அடங்காத கல் ஒன்றைத் தூக்கி, சற்றுத் தாமதமாகவாவது போய்ச் சேரட்டும் என்று வெள்ளத்துக்குக் குறுக்கே எறிந்தான்.

வெள்ளம் ஒரு கணம் நின்றது. நான் கண்ணால் பார்த்தேன்.